மனம் வராத நாட்களில் என்ன செய்வது? ஊக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு வாசிகசாலையில் சனிக்கிழமை மாலைகளில் உயர்தர மாணவர்களுக்கும் போட்டிப் பரீட்சைகளுக்கு ஆயத்தமாவோருக்கும் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பாடம் முடிந்து, வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். பெரும்பாலும் அவை "மனம் வருதில்லை சேர்" என்று தொடங்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மாரும், தையல் தொழில் தொடங்கிய பெண்களும், பட்டம் பெற்று வீட்டில் இருப்பவர்களும் இதையே வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் சொற்களை ஒட்டியே இங்கு தொகுத்திருக்கிறேன்.

சில பேருக்கு ஊக்கம் பிறவியிலேயே இருக்கிறது. எனக்கு அது இல்லை. என்ன செய்யலாம்?

இதைக் கேட்டவன் இரசாயனவியல் கொப்பியைத் திறப்பதற்கே ஒரு மணித்தியாலம் எடுப்பவன். ஆனால் விடிய ஐந்து மணிக்கு, ஒருவரும் எழுப்பாமலே, பந்து விளையாட மைதானத்தில் நிற்பவனும் அவன்தான். ஊக்கம் அவனிடம் இருக்கிறது. அது எந்த வேலையோடு ஒட்டுகிறது, எதோடு ஒட்ட மறுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர், மனிதர் ஒரு வேலையில் தாமாக ஈடுபடுவதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்று பல ஆண்டு ஆய்வுகளின் பின் எழுதினார்கள்: இதை நானே தெரிந்தெடுத்தேன் என்ற உணர்வு, என்னால் இது முடிகிறது என்ற உணர்வு, என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. மைதானத்தில் அந்த மாணவனுக்கு மூன்றும் கிடைக்கின்றன. இரசாயனவியலிலோ, பாடப்பிரிவைத் தெரிந்தெடுத்தவர் தகப்பன். முதலாம் தவணையில் கிடைத்தது 28 புள்ளி. படிப்பது இரவில், தனியே. ஆகவே "எனக்கு ஊக்கம் இல்லை" என்று முடிவு கட்டுவதை விட்டு, இந்த மூன்றில் எது குறைகிறது என்று பாருங்கள். அவன் ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு, மூல் கணக்கு என்ற ஒரே பகுதியை மட்டும் ஒரு மாதம் செய்தான். பாடப்பிரிவை மாற்ற முடியவில்லை என்றாலும் மற்ற இரண்டும் கைக்கு வந்தன.

ஊக்கம் வந்ததும் தொடங்கலாம் என்று இருக்கிறேன். அது பிழையா?

பிழை என்பதைவிட, வரிசை மாறியிருக்கிறது என்று சொல்வேன். பெரும்பாலான வேலைகளில் முதலில் செயல் நடக்கிறது, விருப்பம் பின்னால் வருகிறது. மனச்சோர்வு நோய்க்கான சிகிச்சைகளில் ஒன்று இந்த அடிப்படையிலேயே 1970களில் உருவானது: மனம் தேறும்வரை காத்திருக்காமல், சிறிய பயனுள்ள வேலைகளை நாளில் குறித்துவைத்துச் செய்யச் செய்ய மனம் தேறுகிறது என்று கண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் கூத்துப் பழகுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விடயம். பகல் முழுக்க வயலில் நின்றவர் இரவில் பழகும் இடத்துக்கு வரும்போது ஆடும் ஆசையோடு வருவதில்லை, முதுகு நோவோடு வருகிறார். ஓர் ஓரத்தில் குந்தியிருந்து வெற்றிலை போடுகிறார். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டியதும் எழும்பி, முதல் தாளக்கட்டுக்கு அரைமனதாகக் கால் வைக்கிறார். அரை மணித்தியாலம் சென்றபின் போய்ப் படுக்கச் சொன்னாலும் போகமாட்டார். அவரை ஆடவைத்தவை மத்தளச் சத்தமும், அந்த இடமும், தனக்காகக் காத்திருக்கும் கூட்டமும்தான்.

உங்களுக்கும் ஒரு மத்தளம் வேண்டும். என்னிடம் வரும் ஒரு மாணவி, படுக்கப் போகுமுன் மறுநாள் செய்ய வேண்டிய கணக்கின் இலக்கத்தை மட்டும் வெற்றுத்தாளில் எழுதி, அதன்மேல் பேனையை மூடி கழற்றிய நிலையில் வைத்துவிடுவாள். காலையில் மேசைக்கு வந்தால் தொடங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, தொடர்வதுதான் மிச்சம். பத்து நிமிடம் செய்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று உங்களுக்கு நீங்களே அனுமதி கொடுங்கள். அந்த அனுமதி மெய்யானதாகவே இருக்கட்டும்: பத்து நிமிடத்தில் உண்மையாகவே நிறுத்த வேண்டியிருந்தால் நிறுத்துங்கள், குற்ற உணர்வு வேண்டாம்.

இலக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் சிறிதாக வைத்தால் சோம்பேறி என்று ஆகிவிடாதா?

எட்வின் லொக், கரி லேதம் ஆகியோரின் நீண்டகால ஆய்வுகள், தெளிவான, ஓரளவு கடினமான இலக்கு உள்ளவர்கள், "முடிந்ததைச் செய்" என்று மட்டும் சொல்லப்பட்டவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்று காட்டின. ஆகவே பெரிய இலக்கு நல்லதே. ஆனால் இலக்கு வேறு, இன்றைய வேலை வேறு. மேலே சொன்ன கூத்தையே பாருங்கள். பெரிய இலக்கு அரங்கேற்றம். அதற்குமுன், அவரவர் பாடலைக் கையில் கொடுக்கும் சட்டம் கொடுத்தல், பழகிய கால்களுக்குச் சதங்கை அணிதல், முழுவதையும் ஓட்டிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல் என்று படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியும் ஊரறிய நடக்கிறது. மாதக்கணக்கில் நீளும் ஒரு வேலையில் ஆட்களைப் பிடித்துவைப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

"மருத்துவபீடம்" என்பது சுவரில் இருக்கட்டும். மேசையில் "இன்று மூன்று கணக்கு" இருக்க வேண்டும்.

நேரசூசி போட்டால் இரண்டு நாள்தான் நிற்கிறது. பிறகு ஏன் உடைகிறது?

நீங்கள் காட்டிய நேரசூசியில் நான்கு நிறங்கள் இருந்தன, ஆனால் விருந்தாளி வருவதற்கும் மின்சாரம் நிற்பதற்கும் இடம் இருக்கவில்லை. மணிக்கூட்டை நம்பிப் போடும் திட்டம், வீட்டில் ஒரு சிறு குழப்பம் வந்தாலும் முழுவதுமாகச் சரிந்துவிடும்.

ஜேர்மனிய உளவியலாளர் பீற்றர் கோல்விட்சர் காட்டிய வழி இதைவிட உறுதியானது. "இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்" என்று, எப்போது, எங்கே, எதை என்பவற்றை முன்கூட்டியே ஒரு வசனமாக முடிவுசெய்து வைப்பது. எங்கள் ஊர்களில் இதற்கு வேண்டிய அடையாளங்கள் நிறைய உண்டு. காத்தான்குடியில் இருந்து வரும் ஒருவர், "மஃரிப் தொழுது வந்ததும், தேத்தண்ணீர் கோப்பையோடு மேல்மாடி மேசைக்குப் போவேன்" என்று எழுதி வைத்திருக்கிறார். மற்றொருவருக்குக் கோயில் மாலைப்பூசை மணி. தையல் செய்யும் அக்கா ஒருவருக்குப் பிள்ளைகளின் பாடசாலை வான் புறப்படும் சத்தம்.

இதோடு தடைக்கும் ஒரு வசனம் எழுதுங்கள்: "கரண்ட் போனால், போன வருட வினாத்தாளை விறாந்தையில் இருந்து வாசிப்பேன்." தடை வந்த பிறகு யோசித்தால் மனம் எப்போதும் படுக்கையையே சிபாரிசு செய்யும்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்பது உண்மையா?

இல்லை. 1960இல் அமெரிக்க ஒட்டறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாட்களாவது எடுக்கிறது என்று எழுதினார். அந்தக் "குறைந்தது" காலப்போக்கில் காணாமல் போய்விட்டது. இலண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை அடைய எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாட்கள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 நாட்கள்வரை வேறுபட்டது. 22ஆம் நாளும் கஷ்டமாக இருந்தால் உங்களில் ஒரு குறையும் இல்லை. அதே ஆய்வில் இன்னொரு நல்ல செய்தியும் உண்டு: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

ஒரு நாள் அல்ல சேர், இரண்டு கிழமை விட்டுவிட்டேன். செத்தவீடு, பிறகு திருவிழா, பிறகு வெள்ளம். திரும்பத் தொடங்க வெட்கமாக இருக்கிறது.

எங்கள் மாவட்டங்களில் இது தவிர்க்க முடியாதது. ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் வடகீழ்ப் பருவமழை; படுவான்கரையில் பாதை மூடப்பட்டால் கடைக்குப் போவதே பாடு. 2024 நவம்பர் இறுதியில் உயர்தரப் பரீட்சையையே வெள்ளத்தால் சில நாட்கள் நிறுத்தி வைத்தார்கள். இடைவெளி வரும் என்று எதிர்பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

வெட்கத்தைப் பற்றி ஒன்று. 2010இல் கனடாவில் முதலாம் ஆண்டுப் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்த ஆய்வில், முதல் பரீட்சைக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். தன்னைத் திட்டிக்கொள்வது உறுதியானவரின் குணம் என்று எங்களுக்குப் பழக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் திட்டு வாங்கிய மனம் அந்தக் கொப்பியின் பக்கமே போக விரும்பாது.

திரும்பும் முதல் நாளில் வழக்கமான அளவில் பாதியை மட்டும் செய்யுங்கள். விட்ட இரண்டு கிழமையைப் பிடிக்க முயலவே வேண்டாம். நிலுவையைக் கணக்குப் பார்க்கத் தொடங்கியவர்களில் பலர் மூன்றாம் நாள் மறுபடி நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

போனை எடுத்தால் இரண்டு மணித்தியாலம் போய்விடுகிறது. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா?

கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு மனத்தை மட்டும் கட்டுப்படுத்துவது யாருக்கும் கடினம். போனை அம்மாவின் அலுமாரியில் வையுங்கள். எடுப்பதற்கு எழுந்து நடந்து, அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டியிருந்தால் பாதி ஆசை வழியிலேயே நின்றுவிடும். "ரியூசன் குறிப்பு வாட்ஸ்அப்பில்தான் வருகிறது" என்பது நியாயமான காரணம். அதற்கென்று நாளில் ஒருமுறை கால் மணித்தியாலம் ஒதுக்கி, குறிப்பைக் கையால் கொப்பியில் எழுதிக்கொண்டு போனைத் திருப்பி வையுங்கள்.

ஊக்கம் தரும் பேச்சுகளைக் கேட்டால் உடம்பு புல்லரிக்கிறது. மறுநாள் ஒன்றும் இல்லை. ஏன்?

கப்ரியேல் ஒட்டிங்கன் என்ற உளவியலாளர் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார். விரும்பிய எதிர்காலம் கைக்கு வந்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்பவர்களின் முயற்சி பெரும்பாலும் குறைகிறது; கிடைத்துவிட்டது போன்ற தளர்வு உடம்பில் வந்துவிடுகிறது. கற்பனையோடு, அதைத் தடுத்துக்கொண்டிருப்பது எது என்பதையும் அடுத்தடுத்து நினைத்தவர்களே, அது எட்டக்கூடிய இலக்காக இருந்தால், எழுந்து செய்தார்கள். பேச்சைக் கேளுங்கள். முடிந்ததும், "எனக்குக் குறுக்கே நிற்பது என்ன?" என்று ஒரு வரி எழுதி, நேரசூசிக் கேள்வியில் சொன்ன வசனமாக அதை மாற்றுங்கள். எழுதாவிட்டால் அந்தப் பேச்சு அன்றைய பொழுதுபோக்காகவே முடிந்துவிடும்.

நன்றாகப் படித்தால் சைக்கிள் வாங்கித் தருவேன் என்று மகனுக்குச் சொன்னேன். வாங்கிக் கொடுத்ததும் படிப்பை விட்டுவிட்டான். பரிசே கொடுக்கக்கூடாதா?

முதற் கேள்வியில் சொன்ன டெசி 1971இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை உங்கள் மகனின் கதையேதான். மாணவர்களுக்குச் சுவையான கட்டைப் புதிர்கள் கொடுத்தார். ஒரு பகுதியினருக்கு ஒரு நாள் மட்டும், தீர்த்த புதிருக்குக் காசு கொடுத்தார், மறுநாள் நிறுத்திவிட்டார். காசு வாங்கியவர்கள் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைந்தது. விளையாட்டாக இருந்தது கூலிவேலையாக மாறிவிட்டது. அதே ஆய்வுத் தொடரில், காசுக்குப் பதிலாக, நன்றாகச் செய்ததை வாயால் சொல்லிப் பாராட்டியபோது ஈடுபாடு குறையவில்லை.

பேரம் பேசாத பரிசினால் கெடுதி இல்லை. முடிந்த பிறகு, எதிர்பாராமல், "இந்தக் கேத்திரகணித நிறுவலை நீ மூன்று தரம் அழித்து எழுதினதைப் பார்த்தேன்" என்று சொல்லிக் கொடுக்கும் ஐஸ்கிறீம், முன்கூட்டி வாக்களித்த சைக்கிளைவிட நெடுநாள் வேலை செய்யும். எதைப் பார்த்தீர்கள் என்று சொல்வதுதான் அதில் முக்கியம்.

அடுத்த வீட்டுப் பிள்ளை கெம்பஸ் போய்விட்டாள் என்று வீட்டில் தினமும் சொல்கிறார்கள். அதைக் கேட்டால் இருக்கும் கொஞ்ச மனமும் போய்விடுகிறது.

ஒப்பிடுவது எல்லா வேளையும் கெடுதல் இல்லை. தன்னைப் போன்ற ஒருவர் முயன்று செய்து முடித்ததைப் பார்ப்பது, "என்னாலும் முடியும்" என்ற நம்பிக்கையின் ஊற்றுகளில் ஒன்று என்று அல்பேர்ட் பண்டூரா எழுதியிருக்கிறார். ஆனால் அதைவிட வலுவான ஊற்று, தானே செய்து வென்ற அனுபவம். வீட்டில் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முடிவு மட்டும் வருகிறது, அவள் வந்த வழி வருவதில்லை. அவளிடமே போய்க் கேளுங்கள்: எந்தப் பாடத்தில் முதலில் தடுக்கினாள், இரண்டாம் தடவை எழுதும்போது எதை மாற்றினாள் என்று. நான் அனுப்பிய மூன்று பேரும் அங்கிருந்து பழைய கொப்பிகளோடு திரும்பி வந்தார்கள்.

தொடக்கத்தில் வேகம் இருக்கிறது, கடைசியிலும் வந்துவிடுகிறது. நடுவில்தான் செத்துப்போகிறேன்.

நடுப்பகுதியில் தொடங்கிய இடமும் தெரியாது, முடியும் இடமும் தெரியாது. செய்வதன் பலன் கண்ணில் படாததே தளர்ச்சிக்குக் காரணம். மருதமுனையில் கைத்தறியில் நெய்யும் ஒருவரை எனக்குத் தெரியும். நெய்த துணி உருளையில் சுருண்டு மறைந்துவிடுவதால், காலையிலும் மாலையிலும் அவர் முன்னால் தெரிவது அதே ஒரு முழத் துணிதான். அவர் தறியின் மரச்சட்டத்தில் பென்சிலால் கோடு இழுத்து வைத்திருந்தார், ஒரு முழத்துக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோட்டைக் குறுக்கே வெட்டுவார். மரம் முழுக்கக் கோடுகள், சில அழுக்கேறி மங்கிப்போனவை. "இதைப் பார்க்காட்டி கை ஓடாது தம்பி" என்றார்.

ஒரு வருட வேலையை மூன்று கிழமைத் துண்டுகளாக வெட்டினால் நடுப்பகுதியும் சிறிதாகிவிடும். ஒவ்வொரு துண்டிலும் பாதிவரை செய்தவற்றை எண்ணுங்கள். பாதி தாண்டியதும் மிச்சத்தை எண்ணுங்கள். எண்ணும் இலக்கம் சிறிதாக இருக்கும்போது ஒவ்வொன்றின் பெறுமதியும் கூடித் தெரிகிறது.

நான் எனக்காகப் படிக்கவில்லை. அம்மா கட்டாரில் வேலை செய்து காசு அனுப்புகிறா. அவவுக்காகத்தான். இது கடைசிவரை தாங்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. இப்போது முயல்கிறேன். பிறருக்காக உழைப்பது குறைந்த தரமான ஊக்கம் என்று சிலர் சொல்வார்கள். டெசியும் ரயனும் அப்படிச் சொல்லவில்லை. வெளியில் இருந்து வந்த காரணமாக இருந்தாலும், அதை மனதார ஏற்றுத் தன் விழுமியமாக ஆக்கிக்கொண்டால் அது சொந்த ஊக்கத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது என்றே அவர்கள் விளக்குகிறார்கள். தாங்காதது குற்ற உணர்வு. "அம்மாவின் வியர்வைக்கு நான் கடன்காரி" என்று நினைத்துப் படிப்பவளுக்கு ஒவ்வொரு குறைந்த புள்ளியும் துரோகம்போலத் தோன்றும். அப்போது புள்ளியை மறைக்கத் தோன்றும், பிறகு போனில் பேசுவதையே தவிர்க்கத் தோன்றும்.

ஆகவே அம்மாவிடம் பெறுபேற்றை மட்டும் சொல்லாதீர்கள், நாளைச் சொல்லுங்கள். இன்று என்ன படித்தேன், எது விளங்கவில்லை, எது திடீரென்று விளங்கியது என்று. அவ அங்கே தனியே இருக்கிறா. அந்தக் கதை அவவுக்கும் வேண்டும்.

பட்டம் முடித்து நான்கு வருடம். வேலை இல்லை. ஊக்கம் பற்றி யாராவது பேசினாலே எரிச்சல் வருகிறது.

எரிச்சல் நியாயமானது. வேலைகள் குறைவாக இருப்பது உங்கள் மனத்தின் குறைபாடு அல்ல, அதை ஊக்கத்தால் மூட முடியாது.

ஆனால் நீண்ட காத்திருப்பு மனத்துக்கு என்ன செய்கிறது என்பது தெரிந்திருப்பது நல்லது. 1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகியோர் நாய்களைக் கொண்டு செய்த ஆய்வில், தம் செயலால் நிறுத்தவே முடியாத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பெரும்பாலானவை, பின்னர் தப்பும் வழி இருந்தபோதும் முயலவில்லை. இயலாமையை அவை கற்றுக்கொண்டன என்று அப்போது விளக்கினார்கள். ஏறத்தாழ 50 ஆண்டுகளின் பின், 2016இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் அந்த விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். நீடித்த துன்பத்தின் முன் ஓய்ந்துபோவது இயல்பாக வருவது. கற்றுக்கொள்ளப்படுவது, "என் செயலுக்குப் பலன் உண்டு" என்பதே. நீங்கள் ஓய்ந்துபோனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதற்கும், அதிலிருந்து மீளலாம் என்பதற்கும் இந்தத் திருத்தம் சான்று.

விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பதில் உங்கள் செயலுக்கும் பலனுக்கும் இடையே தொடர்பு தெரிவதில்லை. அது தெரியும் வேலை ஒன்று நாளில் ஒரு மணித்தியாலமாவது இருக்கட்டும். வீட்டுத் தோட்டத்தில் பயற்றங்கொடி, அயல் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஆங்கிலம், தட்டச்சு, எதுவும் ஆகலாம். இன்று செய்தது நாளை கண்ணில் பட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நெசவாளரின் பென்சில் கோடு இங்கும் உதவும். போட்டிப் பரீட்சைக்கான படிப்பை அதற்குப் பிந்திய மணித்தியாலத்தில் வைத்துப் பாருங்கள்.

இது ஊக்கக் குறைவா, நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு கிழமைக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டிருந்தாலோ, முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல் போனாலோ, அத்தோடு தூக்கமும் பசியும் மாறி, "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் விடாமல் வந்தாலோ, இந்தப் பக்கத்தை மூடிவிட்டு வைத்தியரிடம் போங்கள். மைதானத்துக்கும் போகாமல் விட்ட மாணவனுக்கும், கொப்பியை மட்டும் தொடாத மாணவனுக்கும் இடையில் உள்ள வேறுபாடு இதுதான். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும்கூட இதே சோர்வைத் தரும், ஆகவே இரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். சாக வேண்டும் என்ற நினைவு வந்தால் காத்திருக்காமல் அன்றே அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். போரையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட குடும்பங்கள் இங்கே அதிகம். பெரியவர்களின் சோர்வைச் "சுபாவம்" என்று விட்டுவிடவும் வேண்டாம். நேர்த்தி வைப்பதையும் நூல் கட்டுவதையும் நான் தடுக்கவில்லை. அவற்றுக்காக வைத்தியரிடம் போவதைப் பிற்போடாதீர்கள்.

எல்லாம் செய்து பார்த்தேன். இரண்டு தடவை எழுதியும் சரிவரவில்லை. விட்டுவிடலாமா?

விடலாம். எட்டாத இலக்கை விட்டு, வேறொன்றைப் பற்றிக்கொள்ளக் கூடியவர்களின் மனநலம் நன்றாக இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. விடுவது மட்டும் போதாது, பற்றிக்கொள்ள அடுத்தது வேண்டும். தொழினுட்பக் கல்லூரிப் பயிற்சியோ, வேறு பாடப்பிரிவோ, தொழிலோ, எதுவென்றாலும் விடுமுன் போய்ப் பாருங்கள். அங்கே படிக்கும் ஒருவரோடு அரை மணித்தியாலம் பேசுங்கள்.

பெறுபேறு வந்த அன்று இந்த முடிவை எடுக்க வேண்டாம், பரீட்சைக்கு முந்திய கிழமையிலும் வேண்டாம். இப்போதே கலண்டரில் ஒரு திகதியைக் குறியுங்கள். அந்தத் திகதிக்குள் எந்த மூன்று அலகுகளில் பழைய வினாத்தாள்களைச் செய்து முடித்து, என்ன புள்ளி எடுத்தால் மூன்றாம் தடவையும் எழுதுவேன் என்று ஒரு தாளில் எழுதி, நம்பும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். என்னிடம் அப்படிக் கொடுக்கப்பட்ட தாள்கள் இப்போது நான்கு இருக்கின்றன. திகதி வந்ததும் அவற்றைத் திருப்பிக் கொடுப்பேன், நானாக ஒன்றும் சொல்லமாட்டேன்.